86 என்பது பழுது அல்ல: மலையகத்தில் சிறிய கார்களின் காற்றுச் சென்சர்கள்

பொகவந்தலாவையில் சிறிய கார் வைத்திருப்பவர்களிடம் பேசும்போது ஒரு முறைப்பாடு அடிக்கடி காதில் விழுகிறது. கொழும்பில் நன்றாக ஓடிய கார் இங்கே ஏற்றத்தில் இழுப்பதில்லை. கராஜில் ஸ்கேனர் போட்டால் காற்றழுத்தம் குறைவாகக் காட்டுகிறது. சென்சரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிய பிறகும் கார் பழையபடியே ஓடுகிறது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கான தடை 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் இருந்த கார்களையே திருத்தித் திருத்தி ஓட்டினோம். தோட்டங்களில் கார் ஆடம்பரப் பொருளும் அல்ல. இரவில் வலியெடுக்கும் கர்ப்பிணியை டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டு சேர்ப்பது பெரும்பாலும் அயலவரின் ஆட்டோவோ பழைய அல்டோவோதான். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது 2024 செப்டெம்பரில். நாட்சம்பளத்தில் வாழும் வீட்டில், தேவையில்லாமல் வாங்கும் ஒரு சென்சர் பல நாள் உழைப்பை விழுங்கிவிடும். ஆகவே அந்தச் சென்சர் என்ன செய்கிறது என்பதை ஓட்டுபவரும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

காற்றை ஏன் அளக்க வேண்டும்?

1 கிராம் பெற்றோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. இது எடைக் கணக்கு, கன அளவுக் கணக்கு அல்ல. மேலே ஏற ஏறக் காற்று ஐதாகிறது. பொகவந்தலாவை 1,200 மீற்றருக்கு மேற்பட்ட உயர்நிலத் தேயிலைப் பிரதேசம். இங்கே எஞ்சின் ஒரு தடவை இழுக்கும் காற்றின் எடை, கொழும்பில் இழுப்பதைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. காற்றுக் குறைந்தால் எரிக்கக்கூடிய பெற்றோலும் குறையும், வலுவும் குறையும். 796 சிசி எஞ்சினில் இந்த இழப்பு நன்றாகவே தெரியும். இதை எந்தச் சென்சராலும் ஈடுசெய்ய முடியாது.

யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக் காலத்தை வாழ்ந்தவர்களுக்குக் காபரேட்டரை விளக்கத் தேவையில்லை. சிறிதளவு பெற்றோலில் எஞ்சினை இயக்கி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி மொறிஸ் மைனரையும் ஒஸ்ரினையும் ஓட்டியவர்கள் அவர்கள். காபரேட்டர் காற்றை எடைபோடுவதில்லை. காற்று போகும் வேகம் பெற்றோலை உறிஞ்சி எடுக்கிறது, அவ்வளவுதான். அதனால் மலைக்கு வந்ததும் பெற்றோல் கூடிப்போய்க் கரும்புகை வரும், பிளக் கரிபிடிக்கும். இன்றைய கார்களில் இந்தக் கணக்கைக் கணினிப் பெட்டி போடுகிறது. அதற்குத் தகவல் கொடுப்பவைதான் காற்றுச் சென்சர்கள். அவற்றில் இரண்டு வகை பரவலாக உள்ளன.

அழுத்தத்தை அளப்பது: மெப் சென்சர்

சுசுகி அல்டோ போன்ற கார்களில் இருப்பது இது. த்ரொட்டிலுக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள மெனிஃபோல்டின் அழுத்தத்தை ஒரு மெல்லிய சிலிக்கன் சவ்வு உணர்கிறது. அந்த அழுத்தம், உள்ளே வரும் காற்றின் வெப்பநிலை, எஞ்சின் சுழலும் வேகம் ஆகிய மூன்றையும் வைத்துக் கணினி காற்றின் எடையைக் கணிக்கிறது.

முறைப்பாட்டுக்கான விடை இங்கேதான் இருக்கிறது. சாவியை ‘ஒன்’ நிலைக்குத் திருப்பி, எஞ்சினை இயக்காமல் விட்டால் மெப் சென்சர் காட்டுவது வெளியிலுள்ள வளிமண்டல அழுத்தத்தை. கொழும்பிலும் கிளிநொச்சியிலும் அது 100, 101 கிலோபஸ்கல் அளவில் இருக்கும். ஏறத்தாழ ஒவ்வொரு 100 மீற்றர் ஏற்றத்துக்கும் 1 கிலோபஸ்கலுக்குச் சற்று அதிகமாகக் குறையும். பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் 85 முதல் 88 வரை காட்டினால் சென்சர் சரியாகவே வேலை செய்கிறது. நுவரெலியாவில் 81 அளவில் காட்டும். 101 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொண்டு பார்க்கும் மெக்கானிக்குக்கு 86 பழுதாகத் தெரியலாம். மாறாக, பொகவந்தலாவையில் ஒரு கார் 101 காட்டினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

எஞ்சின் சூடாகிச் சும்மா ஓடும்போது 30 முதல் 40 வரை இறங்க வேண்டும். இறங்காவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது சென்சரை அல்ல, குழாய்களை. வெடித்த வெக்குவம் குழாய் அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும். கணினியும் அதை நம்பிப் பெற்றோலைக் கூட்டிக் கொடுக்கும்.

எடையை அளப்பது: மாஃப் சென்சர்

டொயோட்டா அக்வா, ப்ரியஸ் போன்றவற்றில் எயார் ஃபில்டருக்கு அடுத்து இது இருக்கும். சூடேற்றிய மெல்லிய கம்பியைக் காற்று குளிர்விக்கிறது. அந்தச் சூட்டைத் தக்கவைக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறதோ, அதிலிருந்து காற்றின் எடை தெரியும். எடையையே நேராக அளப்பதால் மலையின் உயரமும் கணக்கில் தானாகவே வந்துவிடும்.

இதன் எதிரி தூசி. கம்பியில் தூசி படிந்தால் காற்றைக் குறைத்துக் காட்டும். பெற்றோலும் குறையும், கார் திக்கித் திணறும். சென்சருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்தாலும் அளக்கப்படாத காற்று உள்ளே போய் இதே அறிகுறியைக் காட்டும். ஸ்கேனரில் பி 0171 என்ற எண் வந்தால் காற்றுக்கு ஏற்ற பெற்றோல் இல்லை என்று பொருள். சென்சர் பழுது என்று அது சொல்லவில்லை. பி 0101 மாஃப் சென்சரையும், பி 0106 மெப் சென்சரையும் சோதிக்கச் சொல்லும் எண்கள். மாற்றச் சொல்லும் எண்கள் அல்ல.

பராமரிப்பு

வரட்சியான மாதங்களில் தோட்டத்து மண்பாதைகளில் ஓடும் காருக்கு, புத்தகத்தில் சொல்லியிருப்பதைவிட அடிக்கடி எயார் ஃபில்டரைப் பாருங்கள். கடதாசி ஃபில்டரைக் கழுவக்கூடாது.

மாஃப் சென்சரைச் சுத்தம் செய்ய, எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டுக் கழற்றி, அதற்கென்றே விற்கும் ஸ்பிரேயை மட்டும் அடியுங்கள். காபரேட்டர் ஸ்பிரே, பஞ்சு, பிரஷ், காற்றுப் பம்பு எதுவும் வேண்டாம். கம்பி அறுந்துவிடும். நன்றாகக் காய்ந்த பிறகே திரும்பப் பூட்டுங்கள்.

மெப் சென்சரில் துளையிலுள்ள எண்ணெய்க் கரியை மெதுவாகத் துடைத்தால் போதும். கம்பியோ ஊசியோ உள்ளே விடக்கூடாது. இரண்டு வகையிலும் மின்இணைப்பைக் கழற்றிப் பச்சை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். பனியும் மழையும் ஓயாத இந்த ஊரில் பல கோளாறுகள் அங்கேதான் தொடங்கும்.

1977இலும் 1983இலும் வன்முறைக்குத் தப்பி மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்கள் பல. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் உள்ள அவர்களின் பிள்ளைகள் கலியாணத்துக்கும் சாவீட்டுக்கும் காரில் இங்கே வருகிறார்கள். சில மெப் சென்சர் கார்கள் சாவியைத் திருப்பும்போதுதான் வெளி அழுத்தத்தைப் பதிந்துகொள்ளும். நிற்காமல் ஏறி வந்து கார் முரண்டு பிடித்தால், அட்டனில் ஒரு தேநீருக்கு நிறுத்துங்கள். எஞ்சினை அணைத்து மீண்டும் இயக்கிப் பாருங்கள். அதன் பிறகும் இழுவை கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். சிவப்பு விளக்கோ மஞ்சள் விளக்கோ எரியாவிட்டால், குறைந்த கியரில் ஆறுதலாக ஏறுங்கள்.

கராஜில் சென்சரை மாற்றச் சொன்னால் பணம் கொடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: “எஞ்சின் நிற்கும்போது அழுத்தம் எவ்வளவு காட்டுகிறது?” விடை 86 என்றால், வெக்குவம் குழாயையும் ஃபில்டரையும் மின்இணைப்பையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.