பெல்ஃபாஸ்ட் தெருக்களின் நினைவுத் தோட்டங்கள்

வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் கத்தோலிக்கர் வாழும் பகுதிகளில், வரிசை வீடுகளுக்கு நடுவே கம்பி வேலியிட்ட சிறு தோட்டங்கள் உண்டு. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக ஆயுதம் ஏந்திய ஐரிஷ் குடியரசுப் படையில் சேர்ந்து இறந்த அப்பகுதியினரின் பெயர்கள் அங்கே கல்லில் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

முன்பு இந்த நினைவுக்கு இடம் தந்தது பெரும்பாலும் கல்லறைத் தோட்டம்தான். அதே ஆட்சிக்கு எதிரான 1916ஆம் ஆண்டு டப்ளின் எழுச்சியை நினைவுகூரும் ஈஸ்டர் ஊர்வலம் ஃபால்ஸ் சாலை வழியாக மில்டவுன் கல்லறைக்குச் செல்லும். சிலருக்கு அந்த இடமும் உடனே கிடைக்கவில்லை. 1942இல் தூக்கிலிடப்பட்ட, அப்படையைச் சேர்ந்த டாம் வில்லியம்ஸுக்கு வயது 19. சிறை வளாகத்திலேயே புதைக்கப்பட்ட அவரது உடல் 2000இல்தான் மில்டவுனுக்கு வந்து சேர்ந்தது.

1981ஆம் ஆண்டு சிறையில் நடந்த உண்ணாவிரதத்தில் பாபி சாண்ட்ஸ் உட்படப் பத்துக் குடியரசு இயக்கக் கைதிகள் இறந்தார்கள். அதற்குப் பிறகு அவர்களுடைய முகங்கள் தெருச் சுவர்களில் ஓவியங்களாயின. அப்படை அறிவித்த 1994 போர்நிறுத்தத்துக்குப் பின் கல்லாலான நினைவிடங்கள் பெருகின. பணமும் உழைப்பும் பெரும்பாலும் அக்கம்பக்கத்தாருடையவை, முன்னாள் கைதிகளுடையவை.

இவற்றுள் நன்கு அறியப்பட்டது பாம்பே தெருவில் உள்ள குளோனார்ட் நினைவுத் தோட்டம். 1969 ஆகஸ்டில் பிரிட்டிஷ் ஆதரவுக் கும்பல் அத்தெருவைக் கொளுத்தியது. குடியரசு இயக்கத்தின் இளைஞர் அமைப்பைச் சேர்ந்த 15 வயது ஜெரால்ட் மெக்காலே அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். எரிந்த வீடுகளை மக்களே முன்னின்று மீண்டும் கட்டினார்கள். தோட்டத்துக்குப் பின்னால், கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டுகள் என்னும் இரு சமூகங்களையும் பிரிக்கும் 'அமைதிச் சுவர்' உயர்ந்து நிற்கிறது. எறியப்படும் கற்களுக்கு அஞ்சி, வீடுகளின் கொல்லைப்புறத்தைக் கம்பிவலைக் கூண்டால் மூடியிருக்கிறார்கள். படையினரின் பெயர்களோடு, கொல்லப்பட்ட பொதுமக்களின் பெயர்களும் தோட்டத்தில் இடம்பெற்றுள்ளன. சண்டையில் செத்தவரும் சும்மா நின்று செத்தவரும் அத்தெருவுக்கு ஒரே இழப்புதான். இது வெளியூர்க்காரர்களுக்கு எளிதில் பிடிபடாத நியாயம்.

ஆனால் ஐரிஷ் குடியரசுப் படையின் கையால் இறந்தவர்கள் 1,700 பேருக்கும் மேல். அவர்களுடைய குடும்பத்தாருக்கு இந்தக் கற்கள் ஆறாத புண்ணைக் கிளறுபவை. அந்த வேதனையை ஒதுக்கிவிட்டு இத்தோட்டங்களின் வரலாற்றை எழுத முடியாது. பல நினைவிடங்கள் உரிய அனுமதியின்றிப் பொது நிலத்தில் எழுந்தவை என்பதும் நீண்டகாலச் சர்ச்சை. சுவருக்கு மறுபுறம் உள்ள ஷாங்கில் பகுதியிலும், பிரிட்டிஷ் ஆதரவு ஆயுதக் குழுக்கள் தங்கள் தரப்பில் இறந்தவர்களுக்கு இதே போன்ற நினைவிடங்களை எழுப்பியுள்ளன.