தகாகியா பிறந்த கதை

சிக்கிம் இமயத்தில் தாவரவியலாளர் ஜோசப் டால்டன் ஹூக்கர் திரட்டிய செடிகளுக்கிடையே, சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரமே உள்ள பச்சைச் செடி ஒன்றும் இருந்தது. அதை ஆராய்ந்த ஆங்கிலேயத் தாவரவியலாளர் வில்லியம் மிட்டன், 1861-இல் லெபிடோசியா என்ற ஈரல் தாவரப் பேரினத்தில் சேர்த்தார். அதன்பின் நூறாண்டுக் காலம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

1950-களின் தொடக்கத்தில் ஜப்பானிய ஆல்ப்ஸ் மலையில் தாவரவியலாளர் நொரிவோ தகாகி ஒரு விசித்திரமான செடியைக் கண்டார். இலை என்று சொல்ல வேண்டியது விரல்களாகப் பிளந்து உருண்டிருந்தது. வேரிழைகள் இல்லை. பெண் உறுப்புகள் மட்டும் இருந்தன. ஆண் உறுப்பும் ஸ்போர் உறையும் அகப்படவில்லை. குரோமோசோம்களோ நான்கே நான்கு. ஜப்பானியத் தாவரவியலாளர்கள் ஹட்டோரியும் இனோவேயும் 1958-இல் இதற்கெனத் தனிப் பேரினம் வகுத்து, கண்டெடுத்தவர் பெயரையே சூட்டினார்கள்: தகாகியா லெபிடோசியாய்டெஸ். ஈரல் தாவரங்களிலேயே மிகப் பழமையானது என்று பலர் நம்பினார்கள். 1963-இல் ஜெர்மானியரான ரிக்லெஃப் குரோலே, மிட்டனின் பழைய சிக்கிம் செடியும் இதே பேரினம்தான் என்று காட்டினார். அது தகாகியா செரட்டோஃபில்லா ஆனது.

ஆனால் ஸ்போர் உறையைப் பார்க்காமல் இது ஈரல் தாவரமா, அதன் உறவான மாஸா என்று முடிவு செய்ய முடியுமா? ஈரல் தாவரத்தில் உறை முதலில் முதிரும். பிறகுதான் காம்பு சட்டென நீண்டு, விரைவில் வாடிவிடும். மாஸில் காம்பு முதலிலேயே நீண்டு உறுதியாக நிற்கும். உறைக்குள் நடுத்தண்டும் இருக்கும். அலாஸ்காவின் அலூசியன் தீவுகளில் தாவரவியலாளர்கள் ஸ்மித்தும் டேவிசனும் செரட்டோஃபில்லாவின் ஆண் உறுப்புகளையும் ஸ்போர் உறைகளையும் கண்டுபிடித்து 1993-இல் வெளியிட்டார்கள். உறுதியான காம்பு, நடுத்தண்டு, சுருள் கோடாகப் பிளக்கும் உறை! தகாகியா மாஸ்தான். பின்னர் வந்த டிஎன்ஏ ஆய்வுகளும் அதையே சொல்லின. இலையை மட்டும் நம்பி வகைப்படுத்துவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இந்தப் பேரினத்தில் இன்றும் இரண்டே இனங்கள்தான். இமயம், திபெத், ஜப்பான், போர்னியோவின் கினபாலு சிகரம், அலூசியன் தீவுகள், கனடாவின் மேற்குக் கரை எனத் தொடர்பற்ற குளிர்ந்த, ஈரமான இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. 2023-இல் வெளியான மரபணுத் தொகுதி ஆய்வு, இக்குலம் ஏறத்தாழ 39 கோடி ஆண்டுகள் பழமையானது என்று கணக்கிட்டது. இமயம் எழும்புவதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது இது. திபெத்தில் வெப்பம் கூடக் கூட இச்செடியின் பரப்பு ஆண்டுதோறும் சுருங்கி வருவதையும் அதே ஆய்வு பதிவு செய்திருக்கிறது.