தேக்கு மரம் எப்போ பத்திரம் ஆச்சு? செக்யூரிட்டீஸ் சட்டத்துக்கு ஒரு புத்தகம் தேடி

சட்டக் கல்லூரி மாணவர்கள் சிலர் அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "செக்யூரிட்டீஸ் சட்டத்தை விருப்பப் பாடமா எடுத்திருக்கோம், எந்தப் புத்தகம் வாங்கறது?" புத்தகம் விலை அதிகம். விதி மாறிட்டா இரண்டே வருஷத்துல அது பழைய பேப்பர் கடைக்குத்தான் போகும். அதனால கவலை நியாயமானது. இதுக்கு நான் வரலாறு வழியா பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

நான் இருக்கிறது நசரத்பேட்டையில். பூந்தமல்லியைத் தாண்டி, பெங்களூரு நெடுஞ்சாலை மேல. எங்க பக்கம் 'பத்திரம்'னு சொன்னா மனைப் பத்திரம்தான். வில்லங்கம் போட்டுப் பார்த்து, பத்திரப் பதிவு ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டு வாங்கறது. செக்யூரிட்டீஸ் சட்டம் பேசுகிற பத்திரம் வேற. மனையை நேர்ல போய்ப் பார்க்கலாம், கல் நட்டிருக்கா என்று பார்க்கலாம். பங்குப் பத்திரத்தில் இருப்பது ஒரு வாக்குறுதி: நம்ம பணத்தை வெச்சு இன்னொருத்தர் உழைச்சு லாபம் தருவார் என்பது. இந்த இரண்டுக்கும் நடுவுல கோடு எங்கே? இந்தப் பாடத்தோட முதல் கேள்வியே இதுதான்.

அமெரிக்காவில் இதுக்கு ஒரு பிரபலமான வழக்கு உண்டு. ஃபுளோரிடாவில் ஹோவி என்ற கம்பெனி ஆரஞ்சுத் தோட்டத்தைத் துண்டு துண்டா வித்தது. வாங்கினவங்க பெரும்பாலும் வெளியூர்க்காரங்க, விவசாயம் தெரியாதவங்க. பராமரிப்பு, அறுவடை, விற்பனை எல்லாம் கம்பெனி ஏற்பாடு. "நாங்க நிலம்தானே வித்தோம்" என்றது கம்பெனி. 1946இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பணம் போடுவது ஒருவர், லாபத்துக்கு உழைப்பது வேறொருவர் என்றால், பேர் எதுவானாலும் அது முதலீட்டு ஒப்பந்தம்தான் என்றது. ஐந்து வருஷம் கழிச்சு, 1951இல், லூயிஸ் லாஸ் இந்தத் துறைக்கான பெரிய புத்தகத்தை வெளியிட்டார். அங்கே சந்தையைக் கண்காணிக்கும் ஆணையத்தில் வேலை பார்த்தவர். அப்புறம் ஹார்வர்டில் பேராசிரியர்.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். 1990களில் டிவியிலும் பேப்பரிலும் தேக்கு மர விளம்பரம் பார்த்த ஞாபகம் உங்கள்ல பலருக்கு இருக்கும். சென்னையின் அனுபவ் பிளான்டேஷன்ஸ் அதில் பெரிய பேர். இன்னைக்குக் கொஞ்சம் பணம் போடுங்க, மரம் வளர்ந்ததும் பல மடங்காகத் திரும்பும் என்பதுதான் கவர்ச்சி. ஓய்வூதியப் பணம், கல்யாணத்துக்குச் சேர்த்த பணம்னு நடுத்தரக் குடும்பங்கள் இந்த மாதிரித் திட்டங்களில் கொண்டுபோய்க் கொட்டின. ஆனா இதை யார் கேட்கணும்? இது கம்பெனிப் பங்கும் இல்லை, வழக்கமான டெபாசிட்டும் இல்லை. 1997 நவம்பரில்தான் மத்திய அரசு, இப்படிப்பட்ட திட்டங்கள் செபியின் கீழ் வரும் என்று முடிவு சொன்னது. 1998இல் அனுபவ் சரிந்தது. கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கான செபி விதிமுறைகள் வந்தது 1999இல். வரிசையைக் கவனிச்சீங்களா? பணம் போன பிறகுதான் விதி வந்திருக்கு.

அதே 1999இல் செபி சட்டத்தில் 11ஏஏ என்ற பிரிவைச் சேர்த்தாங்க. பணம் ஒண்ணா திரட்டப்படுதா? லாபம் எதிர்பார்த்துப் போட்டதா? முதலீட்டாளர்கள் சார்பா இன்னொருத்தர் நிர்வகிக்கிறாரா? அன்றாட நிர்வாகத்தில் முதலீட்டாளருக்குப் பிடி இல்லையா? இந்த நாலு கேள்வியில் ஆரஞ்சுத் தோட்டத்தோட வாசனை அடிக்குது இல்லையா? 2013இல் பி.ஜி.எஃப். வழக்கில், விவசாய நிலம்தான் விற்கிறோம் என்ற வாதம் திரும்ப வந்தது. நம்ம உச்ச நீதிமன்றம் அதை நிராகரித்து, 11ஏஏ செல்லும் என்றது.

இங்கே புத்தகத்துக்கு வருகிறேன். இந்தத் துறையில் விதிகள் நிக்கவே நிக்காது. 1947இல் மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டுச் சட்டம். கம்பெனி பங்கு வெளியிட அரசாங்கத்திடம் அனுமதி வாங்கணும். 1956இல் பங்குச் சந்தைகளுக்கான ஒப்பந்தச் சட்டம். 1988இல் செபி தொடங்கினாலும், சட்ட அதிகாரம் கிடைத்தது 1992இல். பழைய கட்டுப்பாட்டுச் சட்டம் அதே வருஷம் போச்சு. உள்தகவல் வணிக விதிகள் 1992இல் வந்து, 2015இல் புதுசா எழுதப்பட்டது. பங்கு வெளியீட்டு விதிகள் 2009இல் ஒரு தடவை, 2018இல் இன்னொரு தடவை. 2021 பட்ஜெட்டில் பல சட்டங்களைச் சேர்த்து ஒரே தொகுப்பாக்கப் போறோம்னு அறிவிச்சாங்க.

அதனால பிரிவுகளை மட்டும் வரிசையா அச்சடிச்ச புத்தகத்துக்குப் பணம் கொடுக்காதீங்க. விதிகள் செபி இணையதளத்தில் இலவசமாவே இருக்கு. கடையில் நின்னுக்கிட்டே மூணு விஷயம் பாருங்க. ஒண்ணு, கூட்டு முதலீட்டுத் திட்டம் பற்றிய அத்தியாயம். தேக்குத் திட்டங்களின் கதை இருக்கா, இல்லை வெறும் 11ஏஏ மட்டும்தானா? இரண்டு, தீர்ப்பின் ஒரு வரி முடிவைத் தவிர, தோற்ற பக்கத்தோட வாதமும் இருக்கா? நாளைக்கு நீங்க அந்தப் பக்கமும் நிக்க வேண்டியிருக்கும். மூணாவது, நம்ம மாநிலச் சட்டம் இருக்கா? நிதி நிறுவனங்களில் பணம் போட்டவர்களைக் காக்க தமிழ்நாடு 1997இல் தனிச் சட்டம் போட்டது. டான்பிட் என்பாங்க. சொத்தை முடக்கலாம், தனி நீதிமன்றம் உண்டு. இது மாநில அதிகாரத்துக்கு உட்பட்டதுதான் என்று 2011இல், கே.கே. பாஸ்கரன் வழக்கில், உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஏமாந்து வர்ற ஒரு பெரியவர் உங்ககிட்ட எந்தப் பிரிவுன்னு சொல்ல மாட்டார். கையில ஒரு ரசீது இருக்கும், அவ்வளவுதான். போன முறை அது தேக்கு மரம். அடுத்த முறை வேறு ஏதோ பேர்ல வரும். அது மரமா, மனையா, பத்திரமா என்று கண்டுபிடிக்க உங்களைப் பழக்கும் புத்தகம் எதுவோ, அதை வாங்குங்க. பழைய பதிப்பா இருந்தாலும் பரவாயில்லை. புது விதியை அரை மணி நேரத்தில் தேடிப் படிச்சிடலாம். இந்தப் பழக்கம் வர ஒரு செமஸ்டர் முழுசும் வேணும்.