எடைக் குறைப்பின்போது மல்டிவைட்டமின் மாத்திரை: யாருக்குத் தேவை, எவ்வாறு தேர்ந்தெடுப்பது?

உடல் எடையைக் குறைக்க முயல்வோரில் பலர், உணவைக் குறைக்கத் தொடங்கிய சில நாள்களிலேயே மருந்துக் கடையில் மல்டிவைட்டமின் மாத்திரை வாங்கிவிடுகின்றனர். அதனால் எடை விரைந்து குறையும் என்பது சிலரின் நம்பிக்கை. சத்து மாத்திரை உட்கொண்டால் உடல் பருத்துவிடும் என்பது வேறு சிலரின் அச்சம். இரண்டும் சரியல்ல. வைட்டமின்களும் தாது உப்புகளும் கலோரி தருவதில்லை. கொழுப்பைக் கரைப்பதும் இல்லை. உணவு குறைவதால் ஏற்படும் நுண்ணூட்டச் சத்துக் குறைவை ஈடுசெய்வது மட்டுமே அவற்றின் பணி.

பருத்துவிடும் என்ற அச்சத்திற்கு ஒரு காரணம் உண்டு. பசியைத் தூண்ட விற்கப்படும் சில டானிக்குகளில் சைப்ரோஹெப்டடின் என்னும் ஒவ்வாமை மருந்து உள்ளது. பசியையும் எடையையும் கூட்டுவது அந்த மருந்தே. எனவே, டானிக் வாங்குமுன் அதன் உட்பொருள் பட்டியலைப் படிக்கவும்.

யாருக்குத் தேவை?

சோற்றின் அளவைக் குறைத்து, பருப்பு, கீரை, காய்கறி, முட்டை அல்லது மீன், மோர் ஆகியவற்றை நாள்தோறும் உண்பவர்களுக்குப் பெரும்பாலும் இம்மாத்திரை தேவைப்படாது. ஆனால் ஒரு நாளின் மொத்த உணவு ஏறத்தாழ 1,200 கலோரிக்குக் கீழே சென்றால், எவ்வளவு கவனமாக உண்டாலும் எல்லாச் சத்துகளையும் உணவிலிருந்தே பெறுவது கடினம். அத்தகைய கடும் உணவுக் கட்டுப்பாட்டை மருத்துவரின் மேற்பார்வையின்றி மேற்கொள்ளக் கூடாது.

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் சத்து மாத்திரைகள் தேவை. கடையில் கிடைக்கும் சாதாரண மாத்திரை இவர்களுக்குப் போதாது. ஆர்லிஸ்டாட் மருந்து கொழுப்பு உட்கிரகிக்கப்படுவதைத் தடுப்பதால், அத்துடன் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் வீணாகின்றன. அம்மருந்து உட்கொள்வோர் மல்டிவைட்டமினை இரவில் படுக்கும் முன், அம்மருந்துக்குக் குறைந்தது 2 மணி நேர இடைவெளி விட்டு உட்கொள்ளவும்.

தனிக் கவனம் தேவைப்படும் மற்றொரு பிரிவினர், நீரிழிவுக்காக மெட்ஃபார்மின் உட்கொள்பவர்கள். இம்மருந்தை நீண்ட காலம் உட்கொண்டால் பி12 வைட்டமின் குறையலாம். இவர்கள் சைவ உணவினராகவும் இருந்து, எடைக்காகப் பால், தயிரையும் நிறுத்திவிட்டால், பி12 கிடைக்கும் வழிகள் பெரும்பாலும் அடைபடுகின்றன. கால் மதமதப்பு, எரிச்சல், சோர்வு ஆகியவற்றுடன் புறநோயாளர் பிரிவுக்கு வரும் இத்தகையோரிடம் கேட்டால், "சத்து மாத்திரை போடுகிறேனே" என்பதே பெரும்பாலும் விடையாக இருக்கிறது. சாதாரண மல்டிவைட்டமினில் பி12 சில மைக்ரோகிராம் அளவிலேயே இருக்கும். உறுதிசெய்யப்பட்ட குறைபாட்டுக்கு 1,000 மைக்ரோகிராம் மாத்திரையோ ஊசியோ வேண்டியிருக்கும். மேலும், அம்மாத்திரையிலுள்ள ஃபோலிக் அமிலம் இரத்தசோகையை ஓரளவு சரிசெய்து குறைபாட்டை மறைத்துவிடலாம். நரம்புப் பாதிப்போ தொடர்ந்து முற்றும். ஆகவே, மதமதப்போ நடையில் தள்ளாட்டமோ இருந்தால் முதலில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளவும். மாத்திரையைத் தொடங்குவது அதன் பிறகே.

அட்டையில் பார்க்க வேண்டியவை

ஒவ்வொரு சத்தும் அன்றாடத் தேவையில் எத்தனை விழுக்காடு என்பது அட்டையில் குறிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலானவை 100 விழுக்காட்டை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோ உள்ள மாத்திரையே போதுமானது. இங்கு அதிகம் என்பது சிறப்பு அல்ல. பி6 வைட்டமினை அதிக அளவில் பல மாதங்கள் உட்கொண்டால் அதுவே நரம்புகளைப் பாதிக்கும். வைட்டமின் ஏ மிகுந்தால் கல்லீரலுக்குக் கேடு. கருவில் உள்ள குழந்தைக்கும் கேடு. புகைபிடிப்போர் பீட்டா கரோட்டின் மிகுந்த மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும். அதிக அளவில் அது அவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டியது ஆய்வுகளில் கண்டறியப்பட்டுள்ளது. குறிக்கப்பட்ட அளவு ஒரு மாத்திரைக்கா, இரண்டுக்கா என்பதையும் பார்க்கவும்.

இரும்புச் சத்தில் தேவை ஆளுக்கு ஆள் மாறுபடும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, வயது வந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 19 மில்லிகிராமும், மாதவிடாய் உள்ள பெண்ணுக்கு 29 மில்லிகிராமும் தேவை. இரத்தசோகை இல்லாத ஆண்களும் மாதவிடாய் நின்ற பெண்களும் இரும்பு இல்லாத அல்லது குறைவாக உள்ள மாத்திரையைத் தேர்ந்தெடுக்கலாம். தலசீமியா உள்ளோர் மருத்துவர் கூறாமல் இரும்புச் சத்து மாத்திரை உட்கொள்ளக் கூடாது.

கால்சியத்தை மல்டிவைட்டமினில் எதிர்பார்க்க வேண்டாம். நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் தேவைப்படும் கால்சியம் முழுவதும் ஒரே மாத்திரைக்குள் அடங்காது. கேழ்வரகு, மோர், எள், முள்ளோடு உண்ணும் சிறு மீன்கள் ஆகியவை இதற்கு உதவும்.

மிட்டாய் வடிவில் வரும் சத்து மாத்திரைகளிலும், கலந்து குடிக்கும் மாவுகளிலும் சர்க்கரை சேர்க்கப்பட்டிருக்கலாம். எடை குறைப்போர் இதைக் கட்டாயம் பார்க்கவும். "கொழுப்பைக் கரைக்கும்" என்ற விளம்பரத்துடன் வரும் எதையும் வாங்க வேண்டாம். இதயப் பாதிப்பு அபாயத்தால் 2010இல் பல நாடுகளில் விலக்கப்பட்ட சிபுட்ரமின் என்னும் மருந்து, இத்தகைய பொருள்கள் சிலவற்றில் அட்டையில் குறிப்பிடாமல் கலக்கப்பட்டிருந்தது பலமுறை கண்டறியப்பட்டுள்ளது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணோ, மருந்து உற்பத்தி உரிம எண்ணோ இல்லாத பொருளை, யார் பரிந்துரைத்தாலும், தவிர்க்கவும்.

முடி உதிர்வும் பயோட்டினும்

எடை வேகமாகக் குறைந்த இரண்டு, மூன்று மாதங்களில் முடி கொத்தாக உதிர்வதுண்டு. உடனே பயோட்டின் மாத்திரை வாங்குவது இப்போது வழக்கமாகிவிட்டது. உண்மையில் பயோட்டின் குறைபாடு மிக அரிது. இவ்வுதிர்வுக்குப் பெரும்பாலும் காரணம் உணவும் புரதமும் திடீரெனக் குறைந்ததே, சிலரிடம் இரும்புக் குறைவு. உணவைச் சீர்செய்தால் சில மாதங்களில் முடி மீண்டும் வளரும். அதிக அளவு பயோட்டின், தைராய்டு பரிசோதனை முடிவையும், மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் பரிசோதனை முடிவையும் தவறாகக் காட்டக்கூடும். இரத்தம் கொடுக்கும் முன் இதை உட்கொள்வதைத் தவறாமல் தெரிவிக்கவும்.

உட்கொள்ளும் முறை

உணவுக்குப் பின் உட்கொள்ளவும்; வயிற்றுப் புரட்டல் குறையும், கொழுப்பில் கரையும் வைட்டமின்கள் நன்கு உட்கிரகிக்கப்படும். தேநீர், காப்பியுடன் வேண்டாம். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடவும். சிறுநீர் மஞ்சளாவது பி2 வைட்டமினாலும், மலம் கறுப்பது இரும்பாலும் ஏற்படலாம். ஆனால் தார் போன்ற மலத்துடன் மயக்கமோ வயிற்று வலியோ இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லவும்.

தைராய்டு மாத்திரைக்கும் இரும்பு, கால்சியம் உள்ள மாத்திரைக்கும் இடையே 4 மணி நேரம் வேண்டும். வார்ஃபரின் உட்கொள்வோர் வைட்டமின் கே உள்ள மாத்திரையைத் தாமாகத் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது. சிறுநீரக நோயாளிகளும் கருவுற்றவர்களும் மருத்துவரிடம் கேட்ட பின்னரே வாங்கவும். கருவுற்ற காலம் எடையைக் குறைப்பதற்குரிய காலமும் அன்று.

வீட்டில் குழந்தைகள் இருந்தால், இரும்பு உள்ள மாத்திரைகளை எட்டாத உயரத்தில் பூட்டி வைக்கவும். மிட்டாய் என எண்ணிச் சில மாத்திரைகளை விழுங்கினாலும் உயிருக்கு ஆபத்து நேரலாம். ஐயம் எழுந்தாலே, அறிகுறிக்காகக் காத்திராமல் 108ஐ அழைத்து, மாத்திரை அட்டையையும் உடன் எடுத்துச் செல்லவும்.