ஓடுபாதை முடிந்த பிறகு

விமான விபத்து என்றதும் வானத்திலிருந்து விழும் விமானம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் தரையை விட்டு எழும்பாமலே, ஓடுபாதையின் முடிவைத் தாண்டிப் பாய்ந்து நொறுங்கிய விமானங்களும் உண்டு. சிறிய தனியார் ஜெட் விமானங்களின் வரலாற்றில் இது திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது.

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் டெட்டர்பரோ விமான நிலையம் இருக்கிறது. நியூயார்க் நகரத்துக்கு வரும் பணக்காரர்களின் விமானங்கள் இறங்கும் இடம் அது. சுற்றிலும் சாலைகள், கிடங்குகள். 2005 பிப்ரவரி 2 காலை, 11 பேருடன் ஒரு சேலஞ்சர் ஜெட் சிகாகோவுக்குக் கிளம்பியது. உரிய வேகம் வந்ததும் விமானி மூக்கைத் தூக்கப் பார்த்தார். மூக்கு எழவில்லை. பிரேக் போட்டபோது மிச்சமிருந்த பாதை போதவில்லை. விமானம் வேலியை உடைத்து, ஆறு வழிச் சாலையைக் கடந்து, ஒரு காரை இடித்து, எதிரே இருந்த கட்டிடத்தில் போய் மோதியது. விமானிகள் இருவரும், காரில் இருந்த இருவரும் பலத்த காயமடைந்தார்கள். ஒருவர்கூட இறக்கவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

காரணம் இயந்திரக் கோளாறு அல்ல. விமானத்தின் எடை அளவுக்கு மீறி முன்பக்கமாகச் சாய்ந்திருந்தது. கிளம்பும் முன் போட வேண்டிய எடைக் கணக்கை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. மலிவாகக் கிடைத்த இடத்தில் எரிபொருளை அதிகமாக நிரப்பிக்கொண்டு லாபம் பார்த்தார்கள் என்று அந்த நிறுவனத்தை நடத்தியவர்கள் மீது பின்னர் வழக்கே நடந்தது.

இதன் பிறகு அந்த ஓடுபாதையின் முடிவில் 'ஈமாஸ்' எனப்படும் தடுப்புப் படுகை போடப்பட்டது. 1996-ல் நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்தில் முதலில் வந்த ஏற்பாடு இது. எடை குறைந்த, எளிதில் நொறுங்கும் சிமெண்ட் கட்டிகளை வரிசையாக அடுக்கியிருப்பார்கள். மணலில் சைக்கிள் ஓட்டினால் என்ன ஆகும்? அதேபோல் சக்கரங்கள் கட்டிகளை நொறுக்கிக்கொண்டு புதைய, விமானம் நின்றுவிடும். பொதுவாக மணிக்கு 130 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும்படி அமைப்பார்கள்.

2010 அக்டோபர் 1 அன்று அதே டெட்டர்பரோவில், அதே ஓடுபாதையில், 10 பேருடன் இறங்கிய ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் விமானம் பாதையைத் தாண்டியது. படுகையில் புதைந்து நின்றது. யாருக்கும் காயமில்லை. ஐந்து வருடத்துக்கு முன் நடந்த விபத்துக்குக் கிடைத்த பலன் அது.

அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. 2014 மே 31 இரவு, மாசசூசெட்ஸ் மாநிலம் பெட்ஃபோர்டில் இன்னொரு கல்ஃப்ஸ்ட்ரீம் கிளம்பியது. நிறுத்தி வைத்திருக்கும்போது வால்பகுதி காற்றில் ஆடாமலிருக்கப் போடும் பூட்டை விமானிகள் எடுக்க மறந்திருந்தார்கள். வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தொட்டது. பிரேக் போடத் தாமதமாகிவிட்டது. ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து தீப்பிடித்ததில் 7 பேரும் இறந்தார்கள். அந்த விமானத்தின் முந்தைய 175 பயணங்களை ஆராய்ந்தபோது, 98 சதவீதத்தில் கட்டுப்பாட்டுக் கருவிகளை முழுமையாகச் சோதிக்காமலே கிளம்பியிருந்தது தெரியவந்தது.

ஓடுபாதைக்குப் பின்னால் படுகை போடலாம். ஆனால் 2005-லும் 2014-லும் தவறு நடந்தது ஓடுபாதையின் முடிவில் அல்ல, சக்கரம் உருளத் தொடங்கும் முன்பே. கைப்பிடியை முழுதாக ஒருமுறை அசைத்துப் பார்க்கச் சில விநாடிகளே ஆகும்.