பதினாறு வயதுக்காரன் உயிர் தப்பினான், பத்தொன்பது வயதுக்காரன் தூக்கில் தொங்கினான்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் உள்ளவர்கள் ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை தரம் 11 வகுப்பில் வரலாற்றுப் பாடம் நடந்துகொண்டிருக்கும்போது பின்வரிசை மாணவர் ஒருவர் எழுந்து கேட்டார். "சேர், பதினேழு வயசுப் பொடியன் ஒருத்தன் ஆள வெட்டிக் கொன்டா அவனத் தூக்கில போட ஏலாதாமே, உண்மையா?"

"ஓம் மகன், நம்மட சட்டத்தில ஏலா" என்றேன்.

"அப்ப செத்தவன்ட உம்மாவுக்கு என்ன நியாயம் சேர்?"

பாடம் முடிந்து மணி அடித்துவிட்டது. பதில் சொல்லாமலேயே வகுப்பை விட்டு வந்தேன். வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு பழைய வழக்கில் போய் நின்றேன்.

1952 நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை இரவு. லண்டனுக்குத் தெற்கே குரொய்டன் என்ற ஊரில் ஒரு களஞ்சியசாலையை உடைக்க இரண்டு இளைஞர்கள் கூரையில் ஏறினார்கள். கிறிஸ்டோபர் கிரெய்க்குக்கு வயது 16. டெரெக் பென்ட்லிக்கு 19. கிரெய்க்கிடம் குழாய் வெட்டப்பட்ட ரிவோல்வர் ஒன்று இருந்தது. பென்ட்லியிடம் கிரெய்க் கொடுத்த விரல்முட்டி ஆயுதமும் ஒரு கத்தியும் இருந்தன. அவர் இரண்டையும் பாவிக்கவில்லை.

பொலிஸார் வந்தார்கள். ஃபெயார்பக்ஸ் என்ற துப்பறியும் அதிகாரி பென்ட்லியைப் பிடித்துக்கொண்டார். கிரெய்க் சுட்டதில் அவரது தோளில் காயம். கால் மணி நேரம் அளவில் கழிந்தபின் படிக்கட்டுக் கதவால் கூரைக்கு வந்த சிட்னி மைல்ஸ் என்ற கான்ஸ்டபிள் தலையில் சூடுபட்டு அந்த இடத்திலேயே இறந்தார். சுட்டது கிரெய்க். அந்த நேரத்தில் பென்ட்லி பொலிஸாரின் பக்கத்தில்தான் நின்றார். ஓடவுமில்லை, எதிர்க்கவுமில்லை. தோட்டாக்கள் முடிந்ததும் கிரெய்க் கூரையிலிருந்து குதித்து முதுகெலும்பை முறித்துக்கொண்டான்.

பென்ட்லிக்கு எதிராகப் பெரிதாக நின்றது ஒரு வசனம். முதல் சூட்டுக்கு முன் அவர் கிரெய்க்கைப் பார்த்து "அவருக்குக் குடு" என்ற பொருளில் கத்தினார் என்று மூன்று பொலிஸார் சாட்சி சொன்னார்கள். எங்கள் ஊர்ப் பேச்சில் "குடுடா அவனுக்கு" என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் "துவக்கை அவரிடம் குடு" என்றும் அதே வசனத்தை விளங்கலாம். ஆங்கிலத்திலும் இதே இரட்டை அர்த்தம்தான். தாங்கள் அப்படி எதையும் பேசவே இல்லை என்று இருவரும் மறுத்தார்கள்.

டிசம்பர் 9ஆம் திகதி விளக்கம் ஆரம்பமாகி 11ஆம் திகதி முடிந்தது. ஒரு உயிருக்கு மூன்று நாள்! ஜூரிகள் 75 நிமிடத்தில் இருவரையும் குற்றவாளிகள் என்றார்கள். பென்ட்லிக்குக் கருணை காட்டும்படி சிபாரிசும் செய்தார்கள். ஆனால் சட்டம் நீதிபதி கோடார்ட் பிரபுவுக்கு வேறு வழி விடவில்லை. 18 வயதுக்குக் குறைந்தவரைத் தூக்கிலிட முடியாது என்று 1933ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. அதனால் சுட்டவனுக்குச் சிறை. ஒரே நோக்கத்தோடு சென்றவர் என்பதால் சுடாதவருக்குத் தூக்கு. இந்தப் "பொது எண்ணம்" எமது தண்டனைச் சட்டக்கோவையிலும் 32ஆம் பிரிவாக இருக்கிறது.

அந்த நாட்களில் இங்கிலாந்துப் பத்திரிகைகள் இளைஞர் வன்முறை பற்றிக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தன. யாராவது ஒருவன் தொங்க வேண்டும் என்பது பொதுமனநிலை. ஆனால் தீர்ப்பு வந்ததும் அதே பொதுமக்கள் தடுமாறிவிட்டார்கள். சுமார் 200 பாராளுமன்ற உறுப்பினர்கள் மன்னிப்புக் கோரி ஒப்பமிட்டார்கள். சபாநாயகர் விவாதத்துக்கு இடம் கொடுக்கவில்லை. உள்துறை அமைச்சர் அசையவில்லை. 1953 ஜனவரி 28 காலையில் வான்ட்ஸ்வர்த் சிறையில் பென்ட்லி தூக்கிலிடப்பட்டார்.

பென்ட்லியைப் பற்றி ஒரு விடயம். அவருக்கு வலிப்பு நோய் இருந்தது. எழுத வாசிக்கத் தெரியாது. மனவளர்ச்சி சுமார் 11 வயதுப் பிள்ளையினுடையது. எங்கள் பாடசாலைகளிலும் இப்படிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். கடைசி வாங்கில் இருந்து, கூட்டாளி சொன்னதைச் செய்துவிட்டு, அடியையும் வாங்கிக்கொண்டு போகிற பிள்ளைகள். சட்டத்தின் கணக்கில் கிரெய்க் சிறுவன், பென்ட்லி பெரியவர். உண்மையில் அந்தக் கூரையில் யார் சிறுவன்?

எழுதத் தெரியாதவரின் வாக்குமூலத்தைப் பொலிஸார்தான் எழுதினார்கள். அவர் வாயால் சொன்னதை அப்படியே எழுதினோம் என்று சத்தியம் செய்தார்கள். பல வருடங்களுக்குப் பிறகு மொழியியலாளர் மல்கம் கூல்தார்ட் அந்த வாக்குமூலத்தைச் சொல் சொல்லாக ஆராய்ந்தார். "பின்னர்" என்ற சொல் வருகிற இடமும் வருகிற தடவைகளும் சாதாரண மக்களின் பேச்சோடு ஒத்துவரவில்லை, பொலிஸ் அறிக்கைகளின் நடையோடு ஒத்துவந்தன. எங்கள் பிள்ளை "அதுக்குப் பொறகு நான் போனன்" என்று சொல்லும். அறிக்கை "நான் பின்னர் அவ்விடத்திற்குச் சென்றேன்" என்று எழுதும். வித்தியாசம் அவ்வளவுதான்.

அவரது சகோதரி ஐரிஸ் வாழ்நாள் முழுக்கப் போராடினார். 1997இல் மரணித்தார். 1998 ஜூலை 30இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை ரத்துச் செய்தது. நீதிபதி ஜூரிகளை வழிநடத்திய விதமே நியாயமற்றது என்பது பிரதான காரணம். கிரெய்க் பத்து வருடமளவில் சிறையிலிருந்து 1963இல் வெளியே வந்து, பிளம்பர் வேலை செய்து அமைதியாக வாழ்ந்தார். ஒரு பொலிஸ்காரரின் உயிருக்குப் பத்து வருடம் போதுமா? நான் மைல்ஸின் தம்பியாக இருந்தால் போதாது என்றுதான் சொல்லியிருப்பேன். இதை மறைக்க விரும்பவில்லை.

மறுபக்கத்தாரின் வாதமும் லேசானதல்ல. அமெரிக்காவில் மிசூரி மாநிலத்தில் 1993இல் 17 வயது இளைஞன் ஒருவன் ஒரு பெண்ணைக் கட்டி ஆற்றில் தள்ளிக் கொன்றான். "நாங்க வயசு குறைஞ்ச ஆக்கள், தப்பிடலாம்" என்று முன்கூட்டியே கூட்டாளிகளிடம் சொல்லியிருக்கிறான். வயதுச் சட்டம் அவனுக்குக் கேடயம். அவனுடைய வழக்கில்தான் 2005 மார்ச் 1இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், குற்றத்தின்போது 18 வயது நிரம்பாதவருக்கு மரண தண்டனை கூடாது என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஒரேயொரு நீதிபதி வித்தியாசம்.

அதே 2005, மே மாதம். இனி நான் சொல்லப்போகிறவரை உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

மூதூர் ரிசானா நபீக். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தின்படி பிறந்த திகதி 1988 பெப்ரவரி 4. கடவுச்சீட்டில் 1982 பெப்ரவரி 2. ஆறு வயதை முகவர்கள் கூட்டிவிட்டார்கள். சவூதி போய் மூன்று கிழமைக்குள், மே 22இல், அவர் பால் கொடுத்துக்கொண்டிருந்த நான்கு மாதக் குழந்தை இறந்தது. அன்று அவருக்கு 17 வயதும் மூன்றரை மாதமும். கடவுச்சீட்டுக்கோ 23. 2007 ஜூனில் தவாத்மி நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 2013 ஜனவரி 9இல் நிறைவேற்றப்பட்டது. அன்று எமது பாராளுமன்றத்தில் மௌன அஞ்சலி செலுத்தினார்கள்.

அந்த நாட்களில் முகநூலிலும் தேநீர்க் கடைகளிலும் நாம் எப்படிச் சண்டை பிடித்தோம் என்பது நினைவிருக்கும். "ஷரீஆவை விமர்சிக்காதே" என்று ஒரு பக்கம். "சின்னப் பிள்ளை" என்று மறுபக்கம். நானும் எழுதினேன். வயதை மட்டும் பிடித்துக்கொண்டு எழுதினேன். இன்று அதை வாசித்தால் வெட்கமாக இருக்கிறது.

ஏனென்றால் பிக்ஹில் வயது வேறு கணக்கு. பருவமடையாத பிள்ளைக்குக் கிஸாஸ் இல்லை என்பதில் கருத்து வேறுபாடில்லை. பருவ அடையாளம் தெரியாவிட்டால் எந்த வயது எல்லை என்பதில்தான் வேறுபாடு. பெரும்பாலான இமாம்கள் 15 என்றார்கள். இப்னு உமர் அவர்கள் 14 வயதில் உஹதுக்கு ஏற்கப்படாமல் 15 வயதில் அகழ்ப் போருக்கு ஏற்கப்பட்டது அவர்களின் ஆதாரம். இமாம் அபூ ஹனீபா ஆணுக்கு 18, பெண்ணுக்கு 17 என்றார்கள். எந்தக் கணக்கிலும் ரிசானா பிள்ளையல்ல. ஆனால் 18 வயதுக்குக் கீழே செய்த குற்றத்துக்கு மரண தண்டனை இல்லை என்ற சிறுவர் உரிமைச் சமவாயத்தில் சவூதி 1996இல் இணைந்திருந்தது. ஒப்பந்தத்தை நிறைவேற்றுவதும் மார்க்கம்தான் என்பதை அன்று நாம் பேசவில்லை.

அதைவிடப் பெரிதாகப் பேசாமல் விட்டது வாக்குமூலத்தை. விசாரணையின்போது அவருக்குச் சட்டத்தரணி இல்லை. மொழிபெயர்த்தவரின் தமிழ் பற்றிக் கேள்வி இருந்தது. கழுத்தை நெரித்ததாகச் சொன்ன வாக்குமூலத்தை அவர் பின்னர் மறுத்தார், பால் புரையேறியது என்றார். சந்தேகம் வந்தால் தண்டனையைத் தடுக்க வேண்டும் என்பது எமது புகஹாக்களின் அடிப்படை விதி. வயதா மார்க்கமா என்று நாங்கள் மோதிக்கொண்டிருந்ததில் அந்த விதியை யாரும் உரக்கச் சொல்லவில்லை. குரொய்டனில் எழுதத் தெரியாத பென்ட்லி. தவாத்மியில் அரபு தெரியாத ரிசானா. இருவருடைய வார்த்தைகளையும் வேறு யாரோதான் எழுதினார்கள்.

குழந்தையின் பெற்றோர் மன்னிக்கவில்லை. அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மன்னிப்பது சிறந்தது என்று அல்லாஹ் சொல்கிறான், கட்டாயம் என்று சொல்லவில்லை.

எமது நாட்டில் 1976க்குப் பிறகு எவரும் தூக்கிலிடப்படவில்லை. ஆனால் ஒவ்வொரு கொடூரக் கொலைக்குப் பிறகும் "வயது பார்க்காமல் தொங்கவிடு" என்று முகநூலில் எழுதுகிறோம். 1959இலும் இதுதான் நடந்தது. மரண தண்டனையை இடைநிறுத்தியவர் பண்டாரநாயக்க. அவர் சுடப்பட்டதும் சில கிழமைகளுக்குள் அவசர அவசரமாகத் தூக்கை மீளக் கொண்டுவந்தார்கள். சுட்ட சோமாராம 1962இல் தொங்கினார். சதி செய்த இருவரை அந்த அவசரச் சட்டத்தில் இருந்த ஓட்டையால் தொங்கவிட முடியவில்லை. கோபத்தில் எழுதிய சட்டம் அப்படித்தான் இருக்கும்.

கொலை செய்த பிள்ளையை நீண்டகாலம் அடைத்து வையுங்கள் என்றால் நான் உடன்படுவேன். தொங்கவிடுங்கள் என்றால் இப்போது என்னால் உடன்பட முடியாது. அவன் பாவம் என்பதற்காக அல்ல, 1998இல் வந்த தீர்ப்பைப் பென்ட்லிக்குக் கொண்டுபோய்க் கொடுக்க ஆளில்லை என்பதற்காக.

திங்கட்கிழமை அந்த மாணவருக்கு இந்தக் கதையைச் சொல்வேன், இன்ஷா அல்லாஹ். அவருடைய முதல் கேள்விக்கு இது பதில். செத்தவனின் உம்மாவைப் பற்றிய இரண்டாவது கேள்விக்கு என்னிடம் இன்னும் முழுப் பதில் இல்லை. உலமாக்களும் சட்டத்தரணிகளும் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள், கமென்டில் எழுதுங்கள், அதையும் வகுப்புக்குக் கொண்டுபோகிறேன். ரிசானாவின் குடும்பத்தாரும் ஊராரும் வாசிக்கக் கூடும், தயவுசெய்து யாரையும் ஏச வேண்டாம்.