சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்: உப்புநீர் நெபுலைசர் சிகிச்சை

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் பரம்பரை நோய் உள்ளவர்கள், அடர்ந்த உப்புக்கரைசலை நுண்துளிகளாக மூச்சில் இழுத்துக்கொள்ளும் சிகிச்சை இது. கரைசலின் அடர்வு பெரும்பாலும் 7 சதவீதம். கடல்நீரைவிட ஏறத்தாழ இருமடங்கு.

இந்நோயில் சி.எஃப்.டி.ஆர். மரபணு பழுதுபடுவதால் மூச்சுக்குழாய்களின் உட்பரப்பில் ஈரம் வற்றிவிடுகிறது. சளி பசைபோல் இறுகி, சூடோமோனாஸ் போன்ற கிருமிகளுக்கு இடமாகிறது. மூச்சில் இழுத்த உப்பு அங்கே படிந்ததும் சவ்வூடு பரவலால் நீர் மேற்பரப்புக்கு வருகிறது. சளி இளகி, இருமலில் வெளியேறுகிறது.

ஈரம் வேண்டும் என்பது பழைய எண்ணமே. 1950களிலும் 60களிலும் அமெரிக்காவில் குழந்தைகளை இரவு முழுவதும் பனிப்புகை நிரம்பிய பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் தூங்கவைத்தார்கள். படுக்கை நனைந்தது, ஆனால் நீர் நுரையீரலின் ஆழத்துக்கு அதிகம் போய்ச் சேரவில்லை. 1970களில் அம்முறை கைவிடப்பட்டது. அத்தனை இரவுகளைப் பொறுத்துக்கொண்ட பிள்ளைகளையும் பெற்றோரையும் இந்த வரலாறு மறக்கக் கூடாது.

திருப்பம் ஆஸ்திரேலியாவில் வந்தது. கடலில் அலைச்சறுக்கு ஆடும் நோயாளிகளின் நுரையீரல் நலமாக இருப்பதை மருத்துவர்கள் கவனித்தார்கள். அங்கு 164 பேரிடம் 48 வாரம் நடந்த ஆய்வு 2006இல் வெளியானது. நாளுக்கு இருமுறை, 4 மில்லி வீதம் 7 சதவீத உப்புநீரை இழுத்தவர்களின் மூச்சுத்திறன் சிறிதளவே கூடியது. ஆனால் நோய் திடீரென முற்றும் தருணங்கள், 0.9 சதவீதக் கரைசல் பெற்றவர்களைவிட 56 சதவீதம் குறைந்தன. இவ்வளவு எளிய பொருளுக்கு இது பெரிய பயன்.

இதை ஆவி பிடிப்பதோடு குழப்பக் கூடாது. வெந்நீர் ஆவி மூக்கிலும் தொண்டையிலுமே பெரும்பாலும் தங்கிவிடும்; நெபுலைசர் தரும் துளிகள் சுமார் 1 முதல் 5 மைக்ரான் அளவில் இருப்பதால் ஆழமாகச் செல்கின்றன. உப்பு மூச்சுக்குழாயைச் சுருக்கக்கூடும் என்பதால் முதலில் சால்பியூட்டமால் போன்ற மருந்து, பிறகு உப்புநீர், அடுத்துச் சளியகற்றும் பயிற்சி என்பது வழக்கமான வரிசை. உள்ளிழுக்கும் டோப்ராமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகள் கடைசியில். வீட்டில் உப்பைக் கரைத்து இழுப்பது ஆபத்து. கிருமிநீக்கிய கரைசலே வேண்டும். ஒவ்வொரு முறையும் கருவியைக் கழுவி, கிருமிநீக்கி, உலர்த்த வேண்டும். தினமும் இதைச் செய்யும் குடும்பங்களின் உழைப்பு சிறிதல்ல.

2019இல், பழுதான மரபணுவால் உருவாகும் புரதத்தையே சீராக்கும் மும்மருந்துக் கூட்டு வந்தது. அதை எடுத்துக்கொள்வோரில் உப்புநீரை ஆறு வாரம் நிறுத்தியவர்களின் மூச்சுத்திறன் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என 2022இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. மரபணு மாற்றத்தின் வகையாலோ விலையாலோ அம்மருந்து எட்டாதவர்களுக்கு உப்புநீர் இன்றும் அன்றாடச் சிகிச்சையாகவே தொடர்கிறது.